ஒரு குழிக்கு இரண்டு பேர்

மரம் நடுகிறவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "போன வருஷம் நட்டதெல்லாம் எப்படி இருக்குங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே இந்த வருஷம் எத்தனை நடப்போகிறோம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைக் கேலி செய்யவில்லை. நான் செய்த கருவிகளைப் பற்றி யாராவது கேட்டால் நானும் இனிமேல் செய்யப்போகும் கருவியைப் பற்றித்தான் பேசுவேன்.

அந்தக் கேள்விக்கு, கன்றை நடுவதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் உயிர்மானி. துணி காயப்போடும் கிளிப் அளவுதான் இருக்கும். கன்றின் தண்டில் கவ்வவிட்டு, மேலே கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். தண்டுக்குள் நீர் ஏறும் சத்தத்தைக் கேட்டு, மண்ணின் ஈரத்தையும் உப்பையும் பார்த்து, ஓர் எண்ணைக் காட்டும். மூன்று கோடை கழித்து அந்தக் கன்று உயிரோடு இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பதுதான் அந்த எண். இரண்டு அமைப்புகள் பல வருடங்களாக நட்ட கன்றுகளின் விவரங்களையும், நடும்போது எடுத்த வீடியோக்களையும், வானத்திலிருந்து எடுத்த படங்களையும் ஊட்டி அதற்குப் பாடம் கற்பித்திருந்தேன். எதை வைத்து எண்ணைச் சொல்கிறது என்று கேட்டால் முழுதாக எனக்கே தெரியாது. தானாகக் கற்றுக்கொள்ளும் கருவிகளின் வசதியும் தொல்லையும் அதுதான்.

அந்த இரண்டு அமைப்புகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நாச்சிமுத்து ஐயாவின் அமைப்புக்கு 'ஆயிரம் நிழல்' என்று பெயர். பனியன் கம்பெனியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மரம் நட இறங்கியவர். அவருக்குக் கூட்டம் வேண்டும். ஞாயிறு தோறும் லாரி நிறையக் கன்று, வேன் நிறைய ஆட்கள், மைக் செட், தக்காளி சாதம். நட்ட ஒவ்வொருவரும் கட்டைவிரலைப் பதித்தால் போட்டோ போட்ட சான்றிதழ் வீடு தேடி வரும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் ஷோகேஸ் பொம்மைகளுக்கு நடுவே அது நின்றிருக்கும். "மரம் பொழைக்கறது ரெண்டாவதுங்க. மொதல்ல மனுசன் மண்ணைத் தொடோணும். ஒருக்காத் தொட்டவன் அப்பறம் வெட்ட மாட்டானுங்க" என்பார்.

ஜெயசீலி டீச்சருடையது 'வேர்க்கூட்டம்'. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தெக்கத்திக்காரர். இங்கே வந்து எவ்வளவோ காலமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. அவருக்குக் கூட்டம் ஆகாது, மைக் ஆகாது, அந்த மண்ணுக்கு உரியதல்லாத மரம் அறவே ஆகாது. சான்றிதழ் கேட்டால் கையில் மண்வெட்டியைக் கொடுப்பார். மண்வெட்டி திரும்பி வரவேண்டுமே என்று அதற்கும் கைரேகை வாங்கிக்கொள்வார். "நட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போறவன் நடாமலே இருந்திருக்கலாம்" என்பது அவர் கட்சி.

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே நிலத்தைக் கேட்டார்கள். வேலாங்காட்டுப்புதூரில் சாயக்காடு என்று ஒன்று. ஒரு காலத்தில் யார் யாரோ சாயக்கழிவைக் கொட்டிக் கொட்டிப் பாழாக்கிய பொட்டல். ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது ஊதாவும் சாம்பலுமாகத் தூசி கிளம்பும். கிழக்கே சுவரை ஒட்டி ஊராட்சிப் பள்ளிக்கூடம். காற்று ஓயும்வரை பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டுதான் வாய்ப்பாடு சொல்வார்கள். அங்கே குடோன் கட்ட ஒரு கம்பெனியும் வரிசையில் நின்றது. குடோன் வந்தால் மண்ணைத் தோண்டுவார்கள், லாரி ஓடும், தூசி இன்னும் கூடும்.

ஊராட்சித் தலைவர் கனகமணி அக்கா இரண்டு அமைப்புகளையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் அவரும்.

"தனித்தனியாக் கேட்டீங்கன்னா கவுன்சிலருக குடோனுக்குத்தான் கை தூக்குவாங்க. ரெண்டு பேரும் ஒட்டுக்கா வந்தீங்கன்னா நான் பேசி வாங்கித் தர்றேன். மூணாவது ஆடிக்குள்ள அங்க காத்தைத் தடுக்கற மாதிரி மரம் நிக்கோணும். நிக்கலீன்னா நெலம் குடோனுக்குப் போயிரும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே சண்டை. நாச்சிமுத்து ஐயாவுக்குத் தூங்குமூஞ்சி மரம் வேண்டும், சீக்கிரம் நிழல் கட்டும் என்று. டீச்சருக்கு உகாயும் வன்னியும் வேண்டும், உப்பைத் தின்று வளரும் என்று. கடைசியில் கனகமணி அக்கா, "சௌந்தரா ஒரு மிஷின் வெச்சிருக்கா. அது சொல்றதைக் கேளுங்க" என்று என்னை இழுத்துவிட்டார். நான் நடுவராக நினைத்துப் போனேன்.

நாற்றங்காலில் ஓர் உகாய்க் கன்றை எடுத்து வைத்தோம். நாச்சிமுத்து ஐயா கிளிப்பை மாட்டிக் கட்டைவிரலை அழுத்தினார். இருபத்து மூன்று.

"பாத்தீங்களா டீச்சரம்மா. உங்க உகாய் தேறாதுங்க."

டீச்சர் அதே கிளிப்பில், அதே கன்றில், தன் விரலை வைத்தார். எழுபத்து ஒன்று.

இருவரும் சேர்ந்தே என்னைப் பார்த்தார்கள். அந்த ஒற்றுமையை நான் அப்போதே பாராட்டியிருக்க வேண்டும்.

"ஏங் கண்ணு, டீச்சரம்மா உனக்குப் பாடம் எடுத்தவிங்களா?" என்றார் ஐயா.

"எனக்கும் இது பிடிக்கல. ஒரே செடிக்கு ரெண்டு மார்க் எப்படி வரும்?" என்றார் டீச்சர்.

எனக்கும் அதேதான் கேள்வி. ஆனால் எனக்கு அவமானத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்தேன், பேட்டரி மாற்றினேன். பிறகு அதே கன்றைக் கூடவே தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். என் விரலுக்கு நாற்பது. லாரி டிரைவருக்கு அறுபத்தாறு. 'ஆயிரம் நிழல்' விழாக்களுக்கு வழக்கமாக வரும் தொலைக்காட்சி நடிகர் ஒருவருக்கு நான்கு. அவர் நாலாவது இடம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி கைகூப்பினார். இதுவரை எங்கும் மரம் நடாதவர்கள் யார் தொட்டாலும் ஒரே எண்தான், ஐம்பது.

அப்போதுதான் பொறி தட்டியது. சான்றிதழுக்காக ஒருவர் கைரேகை வாங்கினார், மண்வெட்டிக்காக இன்னொருவர் வாங்கினார். நான் இரண்டையும் அப்படியே கருவிக்கு ஊட்டியிருந்தேன்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கனகமணி அக்காவிடம் சொன்னேன்.

"அது கன்னைப் பாக்கறதே இல்லீங்க்கா. ஆளைப் பாக்குது. இந்த விரல்காரர் முன்னால நட்டதெல்லாம் என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியும். மண்ணு, உப்பு, மழை எல்லாத்தையும்விட நட்டவர் யாருங்கறதுலதான் மரம் பொழைக்கறது இருக்குதுன்னு அதுவாக் கண்டுபுடிச்சிருக்குது."

அக்கா பேனாவை மூடி வைத்தார். "அப்ப இது செடிமானி இல்ல. மனுசமானி."

"ஆமாங்க்கா."

"வெளிய சொல்லாத அம்மிணி. ஊரு தாங்காது."

நான் சொல்லவில்லை. ஆனால் கன்றைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினவள் நான்தானே? ஆளுக்கு ஓர் எண் என்று தெரிந்ததும் மற்றதை ஊரே யூகித்துக்கொண்டது. டீக்கடையில் ஒருவரை ஒருவர் "உனக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஜாதகமெல்லாம் பொருந்திப்போச்சுங்க. பையனோட மிஷின் நெம்பர் மட்டும் சொன்னீங்கன்னா பொண்ணு வீட்டுல ஒரு திருப்தி." நட்டதைக் காப்பாற்றாதவன் கட்டினவளைக் காப்பாற்றுவானா என்று பெண்ணின் அப்பா கேட்டாராம். கேட்டுச் சிரித்தேன். அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அந்தப் பையனின் எண் பதினெட்டு.

அமுதவல்லி விஷயம்தான் என்னை நிஜமாகவே வாட்டியது. அவள் வேர்க்கூட்டத்தின் நாற்றங்காலை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவள், டீச்சருக்கு வலது கை. ஒரு நாள் தானாகவே வந்து விரலை வைத்தாள். பதினொன்று. முகம் வெளுத்துப்போனது. அவள் அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில் நட்டதை எதையும் அவளால் போய்ப் பார்க்க முடியவில்லை. அது கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் செத்துப்போன கன்றுகள் மட்டும்தான்.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் நேராகவே சொன்னார். "மிஷின்ல அறுபதுக்கு மேல வந்தவங்க மட்டும் சாயக்காட்டுல நடட்டும். பிள்ளைங்க தூசியை மூச்சா இழுக்குதுங்க. இதுல யார் மனசு நோகுதுன்னு பாத்துட்டு இருக்க முடியாது."

"அமுதவல்லிய என்ன பண்றதுங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து ஐயா. குரலில் குத்தல் இல்லை.

டீச்சர் அமுதவல்லி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவில்லை. "அவ நாற்றங்காலைப் பாக்கட்டும். குழிக்கு வர வேண்டாம்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமுதவல்லி எழுந்து வெளியே போனாள்.

"நான் இருவது வருசமா இதையேதான் பண்ணிட்டு இருக்கறனுங்க" என்றார் ஐயா. "எனக்கு இருவத்தி மூணு. ஒத்துக்கறேன். நட்டுப்போட்டு அடுத்த ஊருக்குப் போயிருவேன், திரும்பிப் பாத்ததில்லை. ஆனா மார்க் பாத்துத்தான் மண்ணைத் தொட விடோணும்னா, அந்தக் காடு யாருக்குங்க? இந்த ஊருல முக்காவாசிப் பேரை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திப்போட்டு உள்ள ஒரு காடு வளத்தி என்ன பண்றது? மொத வறட்சியில வெறகுக்கு வெட்டிருவாங்க."

"செத்த கன்னை வெறகுக்குக்கூட வெட்ட முடியாது சார்."

எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதனால்தான் அந்தக் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் குழிகளை மட்டும் தோண்டி வைத்திருந்தோம். ஒரு நாள் காலை நான் போனபோது சாயக்காட்டின் நடுவில் இருவரும் ஒரே குழியின் முன் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். குழிக்குள் ஒரு வன்னிக் கன்று. ஐயா இன்னும் ஆழமாக வேண்டும் என்கிறார். டீச்சர் ஆழம் போனால் உப்பு என்கிறார்.

"உங்களை நம்பி விட்டா இது ஒரு மாசம் தாங்காது!"

"நீங்க பாத்துக்கிட்டா மட்டும் என்னங்க, பாடம் எடுத்தே கொன்னுருவீங்க!"

நான் நாற்றங்காலில் விட்டுவைத்திருந்த கிளிப் கன்றில் மாட்டியிருந்தது. எண்ணைப் பார்த்துச் சண்டையைத் தீர்க்கலாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் விரலை வைத்திருக்கிறார்கள். நான் குனிந்து பார்த்தேன். தொண்ணூற்று நான்கு.

அதற்கு முன் எண்பதைத் தாண்டி எதையும் அந்தக் கருவி காட்டியதில்லை. பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று மத்தியானமே மறுபடி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன். இம்முறை ஆட்களை ஜோடி ஜோடியாகப் பிடித்தேன். அன்பான புருசன் பெண்டாட்டி வைத்தால் சுமாரான எண். உயிர்த் தோழர்கள் இருவர் வைத்தபோது தனித்தனியாக வந்ததைவிடக் குறைந்தது. பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரே கன்றில் விரல் வைக்கச் சொன்னேன். வைத்த கையோடு வாய்க்கால் தகராறை ஆரம்பித்தார்கள். எண் எகிறியது.

தண்டுக்குள் நீர் ஏறுவதைக் கேட்க ஒரு சிறிய மைக் வைத்திருந்தேன். அதைப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டு, அவர்களை மறுபடி திட்டிக்கொள்ளச் சொன்னேன். எண் சாதாரணமாகிவிட்டது. கருவி அந்தப் பழைய வீடியோக்களில் தொடங்கி இத்தனை காலமும் நீரோடு சேர்த்துக் குழியோரத்துப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கனகமணி அக்காவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"சிநேகிதகாரன் ரெண்டு பேரு சேந்து நட்டா, அவன் தண்ணி ஊத்துவான்னு இவன் இருப்பான். இவன் ஊத்துவான்னு அவன் இருப்பான். ஆகாதவிங்க ரெண்டு பேரு நட்டா?"

"அவன் கெடுத்திருப்பான்னு பாக்க இவன் வருவானுங்க. வந்து பாத்தா வாடியிருக்கும். ஊத்திட்டுத்தான் போவான். அப்பத்தானே நாளைக்கு 'நான்தான் காப்பாத்துனேன்'னு சொல்லிக் காட்ட முடியும்?"

அக்கா சிரித்தார். பிறகு எழுந்து ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். "அப்ப ஒரு குழிக்கு ரெண்டு பேரு. இந்தக் கட்சியில ஒண்ணு, அந்தக் கட்சியில ஒண்ணு. எல்லாருமே நடலாம். அமுதவல்லி, நாச்சிமுத்தையா, எல்லாரும்."

"அவங்களுக்குக் காரணத்தைச் சொல்லலாங்களா?"

"சொன்னா எவன் சண்டை போடுவான்? நான் பாத்துக்கறேன்."

"சிண்டு முடியறதுங்க்கா இது."

"ஆமா. ஆடிக்காத்துல அந்தப் புள்ளைக இருமறதை வந்து கேளு. அப்பறம் சொல்லு."

நான் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு தலைவர்களுக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. மரத்திலும் ஆளுக்குப் பாதி என்று முடிவானது. ஐயாவுக்கு எல்லோரும் நடலாம் என்ற சந்தோஷம். டீச்சருக்கு ஒவ்வொரு குழியிலும் தன் ஆள் ஒருவர் கண்காணிப்பார் என்ற நிம்மதி. மைக்கோடு நடந்த நடுகை விழாவில், கனகமணி அக்கா ஒவ்வொருவர் காதிலும் "உங்களால பாத்துக்க முடியாதுன்னு அவிங்க பேசிக்கறாங்க" என்று ஓதிக்கொண்டே போனதை நான் மட்டும்தான் பார்த்தேன். நடுவில் இருந்த முதல் வன்னி வரிசை முழுவதும் டீச்சருக்கும் ஐயாவுக்கும். அமுதவல்லிக்கு ஆயிரம் நிழலின் மைக் செட்காரன் ஜோடி.

சொட்டுநீர்க் குழாய் அந்த மண்ணில் உப்படைத்துச் செத்துப்போகும். பறந்துபோய் நீர் தெளிக்கும் எந்திரங்களை மேல்காற்று தூக்கிப்போட்டுவிடும். ஆள் குடத்தில் கொண்டுபோய் ஊற்றினால்தான் உண்டு. முதல் கோடையில் ஊற்றினார்கள், திட்டிக்கொண்டே. ஆடு கடிக்காமல் முள் வைத்தார்கள், வைத்ததைப் படம் எடுத்து எதிராளிக்கு அனுப்பினார்கள். அமுதவல்லியும் மைக் செட்காரனும் போட்ட சண்டையில் அவர்களுடைய கன்றுகள் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டன. "எனக்குப் பதினொண்ணு குடுத்துதே உங்க மிஷின், வந்து பாருங்கக்கா இப்ப" என்று அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். அவ்வளவு மகிழ்ச்சியாக அவளை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் கோடையில் வந்தது வினை. தினமும் ஒரே வரிசையில் நின்று சண்டை போடுகிறவர்கள் எத்தனை நாளைக்குத்தான் சண்டை மட்டும் போடுவார்கள்? டீச்சர் தனியாக இருப்பவர் என்று ஐயாவுக்குத் தெரியவந்தது. பெண்டாட்டி போன பிறகு ஐயா வீட்டில் யாரும் அவரோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை என்று டீச்சருக்குத் தெரியவந்தது. சாலையோர டீக்கடை பெஞ்சில் இருவரும் வடையைப் பிட்டுப் பங்கு போட்டுக்கொள்வதை ஒரு நாள் பார்த்தேன். தூங்குமூஞ்சிக்கு அந்தப் பெயர் வைத்தவனைப் பற்றி ஐயா ஏதோ சொல்ல, டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பார்க்க நன்றாக இருந்தது. எனக்கு மட்டும் வன்னி வரிசை ஞாபகம் வந்தது.

ஏதோ சாக்குச் சொல்லி இருவரையும் வன்னியில் விரல் வைக்கச் சொன்னேன். பேசிச் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். முப்பத்து ஒன்று. பதினைந்து நாளில் அவர்களுடைய வரிசையின் ஓரத்துக் கன்றுகள் சருகாகின. அதைப் பார்த்து மற்ற ஜோடிகளும் தளர்ந்தார்கள். தலைவர்களே ராசியாகிவிட்ட பிறகு தொண்டர்கள் யாருக்காகச் சண்டை போடுவது?

கனகமணி அக்கா ஆளுக்கு ஒரே ஒரு பொய்தான் சொன்னார். ஐயாவிடம் போய், ஆயிரம் நிழல் வெறும் போட்டோக் கடை என்று டீச்சர் எங்கோ பேட்டி கொடுத்ததாகச் சொன்னார். டீச்சரிடம் போய், வேர்க்கூட்டத்தின் பெயரைச் சாயக்காட்டுப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி ஐயா மனு கொடுத்ததாகச் சொன்னார். நான் கூடவே நின்றேன், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளிலிருந்து டீக்கடை பெஞ்ச் காலி. ஐயா விடியற்காலையில் வந்து ஊற்றிவிட்டுப் போவார். டீச்சர் சாயங்காலம் வந்து, அவர் ஊற்றியது சரியில்லை என்று இவரும் ஊற்றுவார். ஒருவர் வரும் பாதையில் இன்னொருவர் வருவதில்லை. விலக்கி வைக்கப்பட்டவர்கள் போல இருந்தார்கள். ஊரே கட்சி கட்டிக்கொண்டது. மரம் பிழைத்தது.

மூன்றாம் ஆடியில் மேல்காற்று வழக்கம்போல அடித்தது. கவுன்சிலர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தார்கள். வன்னியும் உகாயும் தூங்குமூஞ்சியும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் தூசி வரவில்லை. உள்ளே பிள்ளைகள் முகமூடி இல்லாமல் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். நிலம் காட்டுக்கே என்று தீர்மானம் ஆனது. கனகமணி அக்கா யாருக்கும் தெரியாமல் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குடோன் கம்பெனிக்காரர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வயதான இரண்டு பேருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதத்தை நாங்கள் பிரித்துப்போட்டிருந்தோம். இனி பொய்யைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்து, மறுநாள் சாயங்காலம் சாயக்காட்டுக்குப் போனேன். டீச்சர் வன்னி வரிசையில் குடத்தோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மைக், சண்டை, ஜோடி, பொய், எல்லாவற்றையும்.

அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"எது டீச்சர்?"

"எல்லாந்தான். கனகமணிக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது பாதத்தைப் பாப்பா. அன்னைக்கு சாயங்காலமே சார் எங்க வீட்டுக்கு வந்தாரு. 'நான் மனுவெல்லாம் குடுக்கல டீச்சரம்மா'ன்னாரு. 'நானும் பேட்டி குடுக்கல'ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"அப்பறம் ஏன் பேசறதில்லீங்க?"

டீச்சர் குடத்தைக் கீழே வைத்தார். "நாங்க ராசியா இருந்தோம்லா, அந்த மாசம். அவரு ஊத்திருப்பாருன்னு நான் வரல. நான் வந்திருப்பேன்னு அவரு வரல. ஓரத்துச் செடி காஞ்சது. அதைக் கண்டுபிடிக்க மிஷின் எதுக்கு? ரெண்டு பேரும் சேந்துதான் பேசி முடிவு பண்ணுனோம். கனகமணி வர்றதுக்கு முந்தியே, தெரிஞ்சே ஒழுங்கா வரலாம்னு ஒரு வாரம் முயற்சி பண்ணிப் பாத்தோம். நடக்கல. ஒருத்தரை நம்பிட்டா கால் எழும்ப மாட்டேங்குது, சௌந்தரா. அதனால கனகமணி குடுத்த சண்டையை அப்படியே எடுத்துக்கிட்டோம். அன்னைக்குக் கடைசியா ஒரு டீ குடிச்சோம், அவரே போட்டாரு. சுமாராத்தான் இருந்தது."

"இப்பத்தான் தீர்மானம் ஆயிருச்சுங்களே. இனிப் பேசலாமே?"

"வேரு இன்னும் உப்புலதான் நிக்கி. அதைத் தாண்டிக் கீழ நல்ல தண்ணியைத் தொடணும். அதுவரைக்கும் ஊத்தணும்."

"எவ்வளவு நாளாகுமுங்க?"

"இன்னும் நாலஞ்சு வருசம்." அதைச் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயாவுக்குத் தாண்டிவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று அடுத்த கன்றின் முள்ளைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். டீச்சர் மறுபடி குடத்தைத் தூக்கினார். அந்த வரிசையில் காலையில் ஊற்றிய ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. அதன் மேலேயே ஊற்றினார்.

"காலையில அவரைப் பாத்தியா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"பாத்தனுங்க. இங்கதான் வந்துட்டுப்..."

"சொல்லாத" என்று உடனே கையைக் காட்டித் தடுத்தார். "நல்லா இருக்காருன்னு நீ சொல்லிட்டேன்னா, நாளைக்கு அவரு பாத்துக்கிடுவாருன்னு நான் வீட்டுல இருந்துருவேன்."

டீச்சர் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.